தொழில் பழக: நேரே முதலாளியிடமா, வேலைவாய்ப்பு உதவி அமைப்பு வழியாகவா?

வெல்டிங், எலக்ட்ரிகல் என்று கைத்தொழில் பழக நினைப்பவர்கள் பலர் குழம்பும் இடம் இது.

சேர்வது: நேரடி என்றால் பட்டறை பட்டறையாக நீங்களே ஏறி இறங்க வேண்டும். அமைப்பில் பதிந்தால் இடம் தேட அவர்கள் உதவுவார்கள், காத்திருக்க நேரலாம்.

கற்பது: நேரடி என்றால் ஒரே ஆசானிடம் ஆழம். அமைப்பே பல இடங்களுக்கு அனுப்பினால் அகலம், பல வகை வேலை பழகலாம்.

சிக்கல் வந்தால்: பெரிய வித்தியாசமே இங்கேதான். பட்டறையில் வேலை குறைந்தால் நேரடிப் பயிற்சி பாதியில் நின்றுவிடலாம். நல்ல அமைப்பு வேறு முதலாளியிடம் சேர்க்க முயலும். பாதுகாப்புக் காலணி வாங்கப் பணமில்லை, வேலைக்கு வேண்டிய கணக்குப் பாடம் புரியவில்லை என்றால்கூட அமைப்பில் போய்ச் சொல்ல ஓர் ஆள் இருப்பார். முதல் வருடத்தில் அது பெரிய பலம்.

எந்த வழியானாலும் பயிற்சி ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள்.

நல்ல ஆசான் ஏற்கெனவே தெரியுமா, நேரே சேருங்கள். யாரையும் தெரியாத பிள்ளைக்கு அமைப்பைத்தான் சொல்வேன்.