இண்டெக்ஸ்களை இணைக்கும்போது ஆவண எண்கள்: லூசீன், ஸேப்பியன் பயன்பாட்டு அனுபவம்

பெரம்பூரில் நாங்கள் நடத்தும் படிப்பகத்தில், ஸ்கேன் செய்த பழைய துண்டறிக்கைகளையும் தொழிற்சங்க மலர்களையும் தேட லூசீன் (Lucene) என்ற தேடல் மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். இராயபுரத்து நண்பர்கள் தனியே தயாரித்துத் தரும் இண்டெக்ஸை, அதாவது தேடலுக்கான சொல்லடைவை, அவ்வப்போது எங்களுடையதோடு இணைப்பதும் வழக்கம். வேகத்திலும் நம்பகத்தன்மையிலும் லூசீன் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அது தரும் ஆவண எண்ணை நிரந்தர முகவரியாகக் கொள்வதற்கில்லை.

அந்த எண், இண்டெக்ஸின் தனித்தனிப் பகுதியான ஒவ்வொரு செக்மென்டிலும் 0இலிருந்து தொடங்குகிறது. முந்தைய செக்மென்டுகளின் அளவைக் கூட்டித்தான் முழு இண்டெக்ஸுக்கான எண் கிடைக்கிறது. நீக்கிய ஆவணம் உடனே மறைவதில்லை, குறியிடப்பட்டு இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். இணைப்பின்போதுதான் அது வெளியேறி, பின்னுள்ளவை முன்னே நகர்கின்றன. எங்கள் செக்மென்டில் 0 முதல் 4 வரை ஐந்து ஆவணங்கள் இருந்து, 1, 3 இரண்டும் நீக்கப்பட்டிருந்தால், 4ஆக இருந்த 1921ஆம் ஆண்டு பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத் துண்டறிக்கை, இணைப்புக்குப் பின் 2 ஆகிவிடும். இராயபுரத்தின் முதல் ஆவணம் 3 ஆகும். இயல்பாக அமைந்துள்ள இணைப்புக் கொள்கை அடுத்தடுத்து இல்லாத செக்மென்டுகளையும் சேர்க்கும் என்பதால், வரிசைகூட மாறலாம். இண்டெக்ஸைப் படிக்கத் திறந்து வைத்த ஒரே ரீடருக்குள் மட்டும் எண் மாறாது. அந்த அளவுக்கே அதற்குப் பயன்.

ஸேப்பியன் (Xapian) என்ற இன்னொரு தேடல் மென்பொருளையும் சில காலம் பயன்படுத்தினோம். அங்கே எண்கள் 1இலிருந்து தொடங்குகின்றன. இணைக்கும் கருவி வழக்கமாக எண்களை மாற்றினாலும், மாற்றாமல் வைக்க ஒரு தெரிவு உண்டு. இரு தரவுத்தளங்களின் (ஸேப்பியனில் இண்டெக்ஸுக்கு இதுவே பெயர்) எண் வரம்புகளும் ஒன்றோடொன்று மோதாதிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. பெரம்பூருக்கு ஒரு வரம்பு, இராயபுரத்துக்கு ஒரு வரம்பு என்று முன்பே ஒதுக்கிவிட்டால் இது மிக நல்ல வசதி. இணைக்காமல் இரண்டையும் சேர்த்துத் தேடினாலோ, முதலாவதன் 1, 2, 3 என்பவை 1, 3, 5 ஆகவும் இரண்டாவதன் எண்கள் 2, 4, 6 ஆகவும் பின்னிக்கொள்ளும். மூன்றாவது தரவுத்தளம் வந்தால் அத்தனையும் மீண்டும் மாறும்.

ஆகவே நூலகப் பதிவேட்டு எண்ணையே, ஊர்க்குறியுடன், ஒவ்வோர் ஆவணத்திலும் தனிப் புலமாகச் சேமிக்கிறோம். இணைய முகவரிகளும் மேற்கோள்களும் அதையே சுட்டுகின்றன. லூசீனில் ஆவணத்தைத் திருத்துவது என்பது பழையதை நீக்கிப் புதியதைச் சேர்ப்பதே என்றாலும், இந்த எண் அப்படியே நிற்கிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: வெளி இண்டெக்ஸைச் சேர்க்கும்போது லூசீன் இரட்டைப் பதிவுகளைச் சரிபார்ப்பதில்லை. அதனால் வரவிருக்கும் பதிவேட்டு எண்களை எங்கள் இண்டெக்ஸிலிருந்து முதலில் நீக்கிவிட்டே இணைப்பைத் தொடங்குகிறோம்.