தமிழ்ப் பேரகராதி: இணையத்தில் தேடுவோருக்கு

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட இந்த அகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ‘முறிந்தது’ என்று தேடினால் தலைச்சொல் (பதிவின் தொடக்கத்தில் நிற்கும் சொல்) சிக்காது. ‘முறி’ என்ற அடியைப் போட வேண்டும். அங்கே முறி-தல், முறி-த்தல் எனத் தனித்தனிப் பதிவுகள்: கிளை தானாக முறிந்தால் முதலாவது, ஒருவர் முறித்தால் இரண்டாவது. இந்த நுணுக்கத்துக்காகவே இதைக் கொண்டாடலாம்.

ரகர, றகரத் தடுமாற்றமா? இரண்டையும் போட்டுப் பொருளைப் படியுங்கள். கரை ஆற்றுக்கு, கறை சட்டைக்கு. இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்திகள் இதைப் பெரும்பாலும் கோட்டைவிடும்.

சொல் நினைவுக்கு வராமல் பொருள் மட்டும் தெரிந்தால், ஆங்கில விளக்கத்துக்குள் தேடுங்கள். 1939 பிற்சேர்க்கையோடு நின்ற பதிப்பு என்பதால் ‘கணினி’ கிடைக்காது. அதற்குத் தற்காலத் தமிழுக்கான க்ரியா அகராதிதான்.