இன்ஸ்டால் பண்ணாமலே பைத்தான்: பயோடைட், ஜுபிட்டர்லைட் எப்படி இருக்கு?

பைத்தான் கிளாஸ் எடுக்குற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, முதல் கிளாஸ் பாடத்துல போகாது, இன்ஸ்டால்லதான் போகும்னு. ஒருத்தர் இன்ஸ்டால் பண்ணும்போது வர்ற பாத் (PATH) கட்டத்தை டிக் பண்ணாம விட்டிருப்பாரு, இன்னொருத்தர் லேப்டாப்ல ஏற்கெனவே வேற வெர்ஷன் கிடக்கும், காலேஜ் லேப்ல அட்மின் பாஸ்வேர்ட் இல்லாம ஒண்ணுமே ஏத்த முடியாது, இன்னும் சில பேர்கிட்ட கம்ப்யூட்டரே இருக்காது, போன் மட்டும்தான். இதுக்கு இப்ப உருப்படியா ஒரு வழி இருக்கு. பிரவுசர்ல ஒரு பக்கத்தைத் திறந்தா போதும், பைத்தான் அந்தப் பக்கத்துக்குள்ளயே ஓடும். பயோடைட்னு பேரு. அது மேல நோட்புக் வடிவத்துல, அதாவது கோடு, ரிசல்ட், குறிப்பு எல்லாம் ஒரே பக்கத்துல வர்ற மாதிரி, கட்டுனது ஜுபிட்டர்லைட். ரெண்டையும் சேத்துத்தான் இந்த ரிவ்யூ, ஏன்னா கத்துக்குறவங்க பாக்கப்போறது ஜுபிட்டர்லைட்டைத்தான், நல்லது கெட்டது ரெண்டும் வர்றது பெரும்பாலும் உள்ள இருக்குற பயோடைட்லேந்துதான்.

உள்ளயே ஓடும்னா நிஜமாவே உள்ளதான். கூகுள் கோலாப்ல நாம அடிக்குற கோடு எங்கயோ இருக்குற சர்வருக்குப் போயி அங்க ஓடி ரிசல்ட் மட்டும் திரும்பி வரும். இங்க அப்படி இல்ல, சி மொழியில எழுதுன அதே ஒரிஜினல் பைத்தான் இன்டர்ப்ரிட்டரை எம்ஸ்கிரிப்டன்ங்கிற கம்பைலர் வெச்சு வெப்அசெம்ப்ளியா, அதாவது பிரவுசரால நேரா ஓட்ட முடியுற வடிவமா மாத்தி, அதை உங்க பிரவுசர் டவுன்லோட் பண்ணி, உங்க மெஷின்லயே ஓட்டுது. அக்கவுன்ட் வேணாம், லாகின் வேணாம், சர்வர் பிஸி தொல்லையும் இல்ல.

2018ல மோசில்லாவுல மைக்கேல் டிராட்பூம்ங்கிறவர் ஆரம்பிச்சது இது, ஐயோடைட்னு ஒரு பெரிய புராஜெக்ட்டோட ஒரு பகுதியா. ஐயோடைட் தேங்கிப் போச்சு, பயோடைட் மட்டும் 2021ல தனியாப் பிரிஞ்சு வாலன்டியர்கள் நடத்துற புராஜெக்ட்டா ஆயிடுச்சு. பெரிய கம்பெனி கைவிட்ட ஒண்ணை இவ்வளவு வருஷமா உயிரோட வெச்சு, ரிலீஸ் மேல ரிலீஸ் விட்டுட்டு இருக்காங்க, அந்த உழைப்புக்கு எனக்கு உண்மையாவே பெரிய மரியாதை இருக்கு. பைத்தான் 3.14ல எம்ஸ்கிரிப்டன் அதிகாரபூர்வ பிளாட்பார்ம் பட்டியல்லயே மூணாம் அடுக்குல வந்திருக்குன்னா அதுல இவங்க பங்கு நிறைய.

இதுக்கு முன்னாடியே பிரவுசர்ல பைத்தான் ஓட்டுறதுக்கு பிரைத்தான், ஸ்கல்ப்ட்னு ரெண்டு இருந்துச்சு, இப்பவும் இருக்கு. அதெல்லாம் பைத்தான் கோடை ஜாவாஸ்கிரிப்ட்டா மாத்தி ஓட்டுற வகை. சைஸ் சின்னது, சட்டுனு திறக்கும், இஃப், ஃபார், ஃபங்ஷன் வரைக்கும் சொல்லிக்குடுக்கத் தாராளமாப் போதும். ஆனா நம்பை (நம்பர் கணக்குக்கு), பாண்டாஸ் (டேபிள் டேட்டாவுக்கு) எல்லாம் உள்ள சி கோடு இருக்குற லைப்ரரி, அங்க வராது. பயோடைட்ல வரும், ஒரிஜினல் நம்பை, பாண்டாஸ், சைப்பை, மேட்பிளாட்லிப், சைக்கிட்-லேர்ன் எல்லாமே வரும். சுத்தமா பைத்தான்லயே எழுதுன பேக்கேஜா இருந்தா, வீல் ஃபைலும் (ரெடிமேட் இன்ஸ்டால் ஃபைல்) இருந்தா, பயோடைட்டோட இன்ஸ்டாலரான மைக்ரோபிப் வெச்சு, பைத்தான் பேக்கேஜ் எல்லாம் கிடைக்குற பைபிஐலேந்து (PyPI) நேரா இறக்கிக்கலாம். என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த ஒரு வித்தியாசம்தான் பயோடைட்டை விளையாட்டுச் சாமானா இல்லாம வேலைக்கு ஆகுற கருவியா ஆக்குது.

முதல் தடவை திறக்கும்போது கொஞ்சம் பொறுமை வேணும். அவங்க டாக்குமென்டேஷன்லயே போட்டிருக்காங்க, முதல் லோடு 6.4 எம்பி, ரெடி ஆக 4, 5 செகண்ட்னு. அது வெறும் பைத்தானுக்கு, அதுவும் நல்ல நெட்ல. ஜுபிட்டர்லைட் பக்கம் தனி, பாண்டாஸ் இம்போர்ட் பண்ணா அது தனியா இறங்கும், சைப்பை இன்னும் கனம். போன்ல மொபைல் டேட்டாவுல திறக்குற பசங்களுக்கு இதை முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க, இல்லேன்னா ஓடலன்னு நினைச்சு திரும்பத் திரும்ப ரிஃப்ரெஷ் அடிப்பாங்க. ரெண்டாவது தடவைலேந்து பெரும்பாலும் கேஷ்லேந்தே எடுத்துக்கும், அப்ப வேகமாத் திறக்கும்.

ஓடுற வேகம்? சாதாரண பைத்தானை விட சுமாரா 3லேந்து 5 மடங்கு ஸ்லோன்னு அவங்களே சொல்றாங்க, சி கோடு பகுதி அந்த அளவுக்கு மோசம் இல்ல, அதிகமாப் போனா ரெண்டு ரெண்டரை மடங்கு. இதைப் படிச்சுட்டு ஐயோ இவ்வளவு ஸ்லோவான்னு பயப்பட வேணாம், சில ஆயிரம் வரி சிஎஸ்வி (கமா வெச்சுப் பிரிச்ச டேபிள் ஃபைல்) எடுத்து, குரூப்பை (groupby) போட்டு வகைவாரியாப் பிரிச்சு ஒரு சார்ட் வரையுறதுக்கு வித்தியாசமே தெரியாது. பெரிய ஃபார் லூப் போட்டு பிரைம் நம்பர் தேடுற மாதிரி வேலையிலதான் உறைக்கும். மெமரி விஷயத்துல மட்டும் ஒரு சுவர் இருக்கு, 32 பிட் வெப்அசெம்ப்ளிங்கிறதால 4 ஜிபிக்கு மேல போகவே முடியாது, போன்ல அதுக்கு ரொம்ப முன்னாடியே டேப் செத்துடும்.

இந்த 32 பிட் சமாச்சாரத்துல இன்னொண்ணு இருக்கு, இதை எழுதணும்னுதான் முக்கியமா உக்காந்தேன், ஏன்னா இதைத் தெரியாம யூஸ் பண்ணா தப்பான விடை கிடைக்கும், அது தப்புன்னு யாருமே சொல்ல மாட்டாங்க. பைத்தானோட சொந்த இன்டிஜருக்குப் பிரச்சினையே இல்ல, எவ்வளவு பெரிய நம்பர்னாலும் சரியா வரும். ஆனா நம்பை அரேயோட டீஃபால்ட் இன்டிஜர் இங்க 32 பிட். உங்க லேப்டாப்ல 64 பிட். அதனால என்ன ஆகும்னா, நம்பையோட அரேஞ்ஜ் (arange) வெச்சு 1லேந்து 1 லட்சம் வரைக்கும் அரே போட்டு சம் எடுங்க, லேப்டாப்ல 5000050000 வரும், அதுதான் சரி. பிரவுசர்ல 705082704 வரும். எர்ரர் இல்ல, வார்னிங் இல்ல, பாக்க நம்புற மாதிரி ஒரு நம்பர். 32 பிட்ல இடம் பத்தாம சுத்திக்கிட்டு வந்து நிக்குது, அவ்வளவுதான். நம்பர் எந்த வகைன்னு சொல்ற டிடைப்ல (dtype) இன்ட்64ன்னு (int64) நாமளே எழுதிட்டா சரியாயிடும். பாண்டாஸ்ல லிஸ்ட்டைக் குடுத்து சீரிஸ் பண்ணா அதுவே 64 பிட் எடுத்துக்கும், நம்பை அரேயைக் குடுத்தாத்தான் அந்த 32 அப்படியே கூட வரும். காசுக் கணக்கு, மக்கள்தொகை மாதிரி பெரிய நம்பர் இருக்குற டேட்டாவுல சொல்லிக்குடுக்குறவங்க இதை முதல் பாடத்துலயே சொல்லிடணும், எந்த டுடோரியல் ஆரம்பத்துலயும் இதைப் பெரிய எழுத்துல போட மாட்டேங்குறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

அடுத்தது ஃபைல். ஜுபிட்டர்லைட்ல இடது பக்கம் ஃபைல் லிஸ்ட் தெரியும், அப்லோட் பட்டன் இருக்கும், நோட்புக் சேவ் ஆகும். அப்ப எல்லாம் எங்கயோ கிளவுட்ல பத்திரமா இருக்குன்னு தோணும். இல்ல. அது உங்க பிரவுசரோட ஸ்டோரேஜ்ல, இன்டெக்ஸ்டுடிபில இருக்கு. அதே பிரவுசர், அதே மெஷின்ல திறந்தா இருக்கும். குரோம்ல எழுதுனது ஃபயர்பாக்ஸ்ல தெரியாது, லேப்ல எழுதுனது வீட்ல தெரியாது, இன்காக்னிட்டோவுல எழுதுனா ஜன்னலை மூடுனதும் போச்சு, பிரவுசிங் டேட்டா கிளியர் பண்ணா சைட் டேட்டாவோட சேந்து நோட்புக்கும் போகும். பல லேப்ல லாக்அவுட் ஆனதும் எல்லாத்தையும் துடைக்குற செட்டிங் போட்டிருப்பாங்க, அங்கல்லாம் கிளாஸ் முடிஞ்சதும் ரைட் கிளிக், டவுன்லோட், பென்டிரைவ் இல்லேன்னா மெயில்னு பழக்கியே ஆகணும். நோட்புக் ஃபைல் வழக்கமான ஃபார்மேட்தான், நாளைக்கு ஒரிஜினல் ஜுபிட்டர்ல போட்டாலும் திறக்கும், அந்த வகையில நிம்மதி.

ஆனா இதே குணத்துக்கு ஒரு நல்ல முகம் இருக்கு, எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்பப் பிடிச்சது அதுதான். நீங்க அப்லோட்னு அழுத்துற ஃபைல் எங்கயும் அப்லோட் ஆகுறதில்ல. ஸ்கூல் மார்க் லிஸ்ட், அப்பார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் கணக்கு, கிளினிக்ல வந்தவங்க விவரம், இதையெல்லாம் அடுத்தவங்க சர்வர்ல போட யாருக்கும் மனசு வராது, போடவும் கூடாது. இங்க அந்த சிஎஸ்வி உங்க மெஷினை விட்டு வெளிய போகாமலே பாண்டாஸ்ல திறந்து பாத்துடலாம். ஒரே ஒரு கண்டிஷன், பக்கம் நம்பிக்கையானதா இருக்கணும், ஏன்னா பக்கத்தை நடத்துறவங்க நினைச்சா அதுல இருக்குற ஜாவாஸ்கிரிப்ட் எதை வேணும்னாலும் வெளிய அனுப்பலாம். ஜுபிட்டரோட அதிகாரபூர்வ சைட்லயே டிரை பண்ணிப் பாக்க ஒண்ணு வெச்சிருக்காங்க, அது போதும், இல்லேன்னா நாமளே நம்ம இடத்துல போட்டுக்கலாம்.

எது எது ஓடாதுன்னும் சொல்லணும். திரெட், மல்ட்டிபிராசஸிங், சப்பிராசஸ் கிடையாது. ஜன்னல், பட்டன் வரையுற டிகின்டர் கிடையாது, அதனால டர்ட்டிலும் கிடையாது, சின்னப் பசங்களுக்கு ஆமை வெச்சு ஆரம்பிக்குற டீச்சர்களுக்கு இது பெரிய குறை, அவங்களுக்கு ஸ்கல்ப்ட்தான் சரி, அதுல டர்ட்டில் இருக்கு. மைஎஸ்க்யூஎல் சர்வருக்கு நேரா கனெக்ட் ஆகாது, பிரவுசர் அந்த மாதிரி சாக்கெட்டைத் திறக்கவே விடாது. வெப் ஸ்கிரேப்பிங் பாடம் நடத்தலாம்னு நினைச்சீங்கன்னா வேணாம், அடுத்த சைட் கார்ஸ் (CORS) ஹெடர், அதாவது வேற பக்கத்துலேந்து படிக்கலாம்ங்கிற அனுமதி, குடுத்தாத்தான் டேட்டா வரும், பெரும்பாலான சைட் குடுக்காது. இதெல்லாம் பயோடைட்டோட தப்பு இல்ல, பிரவுசர் நம்மளைப் பாதுகாக்க வெச்ச வேலி.

நம்ம தமிழ்நாட்டுப் பன்னெண்டாம் வகுப்பு கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தை வெச்சுப் பாத்தா எவ்வளவு தேறும்னு ஒரு கணக்கு போட்டேன். பைத்தான் அடிப்படை எல்லாம் ஓடும், சிஎஸ்வி பாடம் ஓடும், பைத்தான்லேந்து எஸ்க்யூஎல் ஓட்டுற பாடத்துல அவங்க எடுத்திருக்குறது எஸ்க்யூலைட்ங்கிறதால அதுவும் ஓடும், கடைசில வர்ற பைபிளாட் பாடத்துல லைன், பார், பை சார்ட் மூணும் அழகா வரும். பைத்தான்லேந்து சி++ புரோகிராமைக் கம்பைல் பண்ணி ஓட்டுற பாடம் ஒண்ணு இருக்கே, அது மட்டும் நடக்காது, கூப்பிடுறதுக்கு அங்க சி++ கம்பைலரான ஜி++ கிடையாது. ஒரு பாடத்தைத் தவிர மொத்த பைத்தான் பகுதியையும் போன்லயே பழகிடலாம்ங்கிறது லேப் பீரியட் கிடைக்காத பசங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்.

தமிழ்ல எழுதிப் பாத்தேன். ஒரிஜினல் பைத்தான் 3ங்கிறதால வேரியபிள் பேரையே மொத்தம், சராசரின்னு தமிழ்ல வெக்கலாம், தாராளமா ஓடுது. பிரின்ட் பண்ணா பிரவுசரே எழுத்தைக் காட்டுறதால சுத்தமாத் தெரியுது. சார்ட் தலைப்புலதான் சிக்கல், மேட்பிளாட்லிப் கூட வர்ற டெஜாவு ஃபான்ட்ல தமிழ் எழுத்து இல்ல, கட்டம் கட்டமா வரும். தமிழ் ஃபான்ட் ஃபைலை நாமளே உள்ள போட்டு செட் பண்ணணும், அப்பவும் கொம்பு, ஒத்தைக்கொம்பு எல்லாம் இடம் மாறி நிக்க வாய்ப்பு இருக்கு. இது பிரவுசர் இல்லாம சாதாரண மேட்பிளாட்லிப்லயும் இருக்குற பழைய பிரச்சினை.

வெப் டெவலப்பர்கள் ஜுபிட்டர்லைட்டை விட்டுட்டு பயோடைட்டை நேரா தங்களோட பக்கத்துல சேத்துக்கலாம். பைத்தான்லேந்து ஜாவாஸ்கிரிப்ட்டையும் அங்கேந்து பைத்தானையும் கூப்பிடுற பாலம் ரொம்ப நல்லா செஞ்சிருக்காங்க. கண்டிப்பா வெப் வொர்க்கர்ல (பக்கத்துக்குப் பின்னாடி தனியா ஓடுற இடம்) போட்டு ஓட்டுங்க, பக்கம் ஓடுற மெயின் திரெட்லயே போட்டா யூசர் ஒரு முடியாத லூப் எழுதுனதும் பக்கம் முழுக்க உறைஞ்சுடும். எச்டிஎம்எல்லயே டேக் போட்டு பைத்தான் எழுதணும்னா 2022ல அனகோண்டா அறிவிச்ச பைஸ்கிரிப்ட் இருக்கு, அடியில அதே பயோடைட்தான், சின்னதா போதும்னா மைக்ரோபைத்தானுக்கு மாத்திக்கலாம், லோடு ரொம்பக் குறையும். ஆர் மொழிக்காரங்களுக்கு வெப்ஆர்னு ஒண்ணு வந்திருக்கு, ரூபிக்கும் பிஎச்பிக்கும்கூட இதே வழி திறந்தாச்சு.

லேப்ல போடணும்னு நினைக்குற டீச்சர்களுக்கு என் பரிந்துரை இது. ஜுபிட்டர்லைட் பில்ட் கமாண்ட் ஓட்டுனா ஒரு ஃபோல்டர் கிடைக்கும், உங்க பாட நோட்புக்கையும் சிஎஸ்வியையும் பில்ட்லயே சேத்துடலாம், அந்த ஃபோல்டரை கிட்ஹப் பேஜஸ் மாதிரி எந்த ஸ்டாட்டிக் ஹோஸ்ட்லயும் காசில்லாமப் போட்டு லிங்க்கை மட்டும் குடுத்தா போதும், எத்தனை பேர் ஒரே நேரத்துல திறந்தாலும் ஓடுறது அவங்கவங்க மெஷின்லதான். நெட் சரியில்லாத லேப்னா பயோடைட்டையும் பில்ட்ல சேத்து வெச்சு லேப்ல இருக்குற ஏதாவது ஒரு மெஷின்லேந்து மத்த மெஷினுக்கெல்லாம் குடுக்கலாம். அப்படிப் பண்ணும்போது வெறும் எச்டிடிபி ஐபி அட்ரஸ்ல விட்டா சர்வீஸ் வொர்க்கர் (ஃபைல் லிஸ்ட்ல இருக்குறதை பைத்தானுக்கு எடுத்துக் குடுக்குற பிரவுசர் வசதி) வேலை செய்யாது, பக்கம் திறக்கும், கோடு ஓடும், ஆனா இடது பக்கம் தெரியுற சிஎஸ்வியைப் படிக்கச் சொன்னா ஃபைல் இல்லைன்னு நிக்கும். லோக்கல் சர்ட்டிஃபிகேட் ஒண்ணு போட்டு, எல்லா மெஷின் பிரவுசரும் அதை நம்புற மாதிரி செட் பண்ணி எச்டிடிபிஎஸ்ல குடுங்க, அந்தப் பிரச்சினை வராது.