பிசிடிஎடிட்: மெனு இல்லாத, ஆனால் நம்பகமான பூட் எடிட்டர்

கணினி எந்த ஓஎஸ்ஸில் தொடங்க வேண்டும் என்று குறித்து வைத்திருந்த பூட்.ஐஎன்ஐ கோப்பு விண்டோஸ் விஸ்டாவில் போய், பூட் அமைப்புகளை மாற்ற வந்த கமாண்ட் கருவி இது. தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் போதும். சாதாரணமாகத் திறந்தால் 'ஆக்சஸ் இஸ் டினைட்' என்றுதான் வரும்.

முதல் வேலை, 'ஸ்லாஷ் எக்ஸ்போர்ட்' போட்டு பேக்கப். ஏனென்றால் 'ஸ்லாஷ் டெலீட்' கொடுத்தால் பூட் பதிவை ஒரு வார்த்தை கேட்காமல் அழித்துவிடும். தப்பானால் 'ஸ்லாஷ் இம்போர்ட்' காப்பாற்றும்.

'ஸ்லாஷ் டைம்அவுட் 5' என்றால் மெனு 5 விநாடி நிற்கும். எனக்குப் பிடித்தது 'ஸ்லாஷ் பூட்சீக்வென்ஸ்': அடுத்த ஒரே ஒரு முறை மட்டும் வேறு ஓஎஸ்ஸில் பூட் ஆகும், டீஃபால்ட் மாறாது. விண்டோஸ் 8 முதல் காணாமல் போன, சேஃப் மோடு போன்ற தேர்வுகள் தரும் எஃப்8 மெனு வேண்டுமா? 'பூட்மெனுபாலிசி'யை 'லெகசி' ஆக்குங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம், விண்டோஸின் இன்னொரு கமாண்ட் கருவியான பவர்ஷெல். நெளிவு அடைப்புக்குறியில் வரும் பூட் பதிவின் ஐடியை அது ஸ்கிரிப்ட் பிளாக் (கட்டளைத் தொகுதி) என்று எடுத்துக்கொள்ளும். மேற்கோளுக்குள் போடாவிட்டால் எரர்தான். இன்னொன்று, 'சேஃப்பூட் மினிமல்' வைத்தால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் சேஃப் மோடுதான். 'ஸ்லாஷ் டெலீட்வேல்யூ'வில் 'சேஃப்பூட்'டை நீக்கும்வரை விடாது.

டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் பிட்லாக்கர் ஆன் என்றால், கை வைக்கும் முன் அதை சஸ்பெண்ட் செய்யுங்கள். இல்லையேல் அடுத்த பூட்டில் 48 இலக்க ரிகவரி கீ கேட்கக்கூடும்.

உதவிப் பக்கம் விரிவானது. எரர் மெசேஜ்கள் படு மோசம். டைம்அவுட் மட்டும் மாற்றவேண்டியவர்களுக்கு விண்டோஸிலேயே உள்ள எம்எஸ்கான்ஃபிக் அமைப்பு ஜன்னல் போதும்.