ஸ்பிட்ஃபயருக்கு ஆயில் பிரஷர் மீட்டர்: குழாயா, ஒயரா?

ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் டேஷ்போர்டில் பெட்ரோலுக்கு ஒரு மீட்டர், தண்ணீர்ச் சூட்டுக்கு ஒரு மீட்டர். இன்ஜினுக்குள் ஆயிலைத் தள்ளும் அழுத்தத்துக்கு, அதாவது ஆயில் பிரஷருக்கு மட்டும் ஒரு சின்ன விளக்கு. அதே காலத்து எம்.ஜி.பி. கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அவர்களுக்குத் தொழிற்சாலையிலேயே மீட்டர் வைத்து அனுப்பிவிட்டார்கள். நமக்கு விளக்குதான். அதுவும் பிரஷர் 5 பி.எஸ்.ஐ. பக்கம் இறங்கிய பிறகுதான் எரியும். சூடான இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் 40 முதல் 60 வரை காட்ட வேண்டும். 60 எப்போது 30 ஆனது, 30 எப்போது 15 ஆனது என்பதையெல்லாம் விளக்கு சொல்லாது. கடைசியில், எல்லாம் முடிந்தபின் எரியும்.

என் கார் 1500 சி.சி. மாடல். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 87.5 மி.மீ., அவ்வளவு நீள ஸ்ட்ரோக் உள்ள கிராங்க் தண்டைத் தாங்க மூன்றே மெயின் பேரிங். கோலாலம்பூர் வெயிலில், ஜாலான் ஈப்போ நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தால் 20டபிள்யூ-50 மாதிரிக் கெட்டி ஆயில்கூட ரசம் மாதிரி ஆகிவிடும். மீட்டர் வேண்டுமா என்பதில் பேச்சே இல்லை. எந்த மீட்டர் என்பதுதான் கேள்வி. நான் இரண்டையும் மாட்டிப் பார்த்தவன், இரண்டிலும் கை சுட்டவன். இப்போது காரில் இருப்பது குழாய் மீட்டர். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், முன்பே சொல்லிவிடுகிறேன்.

வித்தியாசம் எளிது. குழாய் மீட்டரில் இன்ஜின் ஆயிலே ஒரு மெல்லிய குழாய் வழியாக டேஷ்போர்டு வரை வருகிறது. மீட்டருக்குள் வளைந்த பித்தளைக் குழாய் ஒன்று இருக்கிறது. பிரஷர் ஏறினால் அது நிமிரப் பார்க்கும், அந்த அசைவில் முள் நகரும். 1849இல் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை வாங்கிய சங்கதி, இன்னும் அப்படியேதான் ஓடுகிறது. பேட்டரி வேண்டாம், பியூஸ் வேண்டாம். ஒயர் மீட்டரில் சென்சார் இன்ஜினில் உட்கார்ந்துகொள்ளும், உள்ளே வருவது ஒயர் மட்டும்.

முதலில் ஒயர்தான் மாட்டினேன். யாரும் அதைத்தான் முதலில் யோசிப்பார்கள். கேபினுக்குள் கொதிக்கும் ஆயில் வராது, வேலை சுத்தம், ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். மாட்டித் தந்த பட்டறையில் விளக்கின் சுவிட்சைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையிலேயே சென்சாரைத் திருகிவிட்டார்கள். "மீட்டரே இருக்கு, விளக்கு எதுக்கு?" என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் வருடம், மாலை ஆறு மணிக்கு கூட்டரசு நெடுஞ்சாலையில் 45இல் நின்ற முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது. இன்ஜின் சத்தம் மாறவில்லை. ஆனால் அந்த நேரத்தில் யாருக்குத் தைரியம் வரும்? உடனே அணைத்து ஓரம் கட்டி, இழுவை லாரி வரும்வரை மோட்டார் சைக்கிள்கள் சீறிப்போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செந்தூலில் எங்கள் மெக்கானிக் அண்ணன் சென்சாரைக் கழற்றி, பட்டறை மீட்டர் ஒன்றைத் திருகி ஸ்டார்ட் செய்தார். 50. "இன்ஜின் நல்லாத்தான் இருக்கு தம்பி, சென்சார்தான் போச்சு" என்றார். லாரிக்குக் கொடுத்த காசில் இன்னொரு மீட்டரே வாங்கியிருக்கலாம். பழைய விளக்கு இருந்திருந்தால், அது எரியாததைப் பார்த்து மெதுவாக வீட்டுக்கே ஓட்டி வந்திருப்பேன்.

சரி, சென்சாரை மாற்றினால் போச்சு என்று கிளம்பினால் அடுத்த தலைவலி. பிரஷருக்கு ஏற்ப சென்சாரின் மின்தடை மாறும்; ஐரோப்பிய வகையில் அது 10 ஓமில் தொடங்கி 180 வரை போகும். அமெரிக்க வகையில் 240இல் தொடங்கி 33க்கு இறங்கும். மாற்றிப் போட்டால் முள் தலைகீழாக ஓடும். அதே வகையிலும் 5 பார், 10 பார் என்று பிரஷர் அளவுக்குத் தனித்தனி. மீட்டரும் சென்சாரும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். மீட்டர் வாங்கிப் பத்து வருடம் கழித்து அந்த ஜோடியைத் தேடுவது, தொலைந்த செருப்பில் ஒன்றுக்கு ஜோடி தேடுவது மாதிரி. போதாக்குறைக்கு அந்த உருண்டை சென்சார் நல்ல கனம். பித்தளை இணைப்பின் நுனியில் அதைத் தொங்கவிட்டால் அதிர்விலேயே இணைப்பு விரிசல் விடும். குட்டி ஹோஸ் ஒன்று போட்டு, அதை ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகரச் சுவர்) தனியாகப் பிடிக்க வைக்க வேண்டும். அப்படி வைத்தால் எர்த் ஒயர் தனியாக இழுக்க வேண்டும். ஒரே ஒயர் என்று ஆரம்பித்த கதை எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

குழாய் மீட்டர் ஏதோ புனிதம் என்று சொல்லவில்லை. அதையும் முதலில் தப்பாகத்தான் மாட்டினேன். பெட்டியில் வந்த நைலான் குழாயை அப்படியே இழுத்துவிட்டேன். ஏழெட்டு மாதத்தில் ஒருநாள் காருக்குள் லேசாகக் கருகிய வாசம். குனிந்து பார்த்தால், ஃபயர்வால் ஓட்டையின் தகர விளிம்பு உரசிய இடத்தில் குழாய் மஞ்சளித்து, முடி அளவுக்குக் கீறல். கார்ப்பெட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் என் காலில்தான் கொட்டியிருக்கும்.

ஆனால் வித்தியாசம் இங்கேதான். இதைச் சரிசெய்ய எந்த ஜோடியையும் தேடவில்லை. கோலாலம்பூரில் லாரிக்கும் எஸ்கவேட்டருக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துத் தரும் கடைகளுக்கா பஞ்சம்? பழைய குழாயைக் காட்டினேன். ஸ்டீல் பின்னல் போட்ட மெல்லிய ஹோஸை அளவாக வெட்டி, இரண்டு முனையிலும் இணைப்பு அழுத்திக் கையில் கொடுத்தார்கள். 100 வெள்ளிக்குள் முடிந்தது. ஃபயர்வால் ஓட்டைக்கு ரப்பர் வளையம். இன்ஜின் பக்கம் டி வடிவ இணைப்பு போட்டு, ஒரு கிளையில் பழைய சுவிட்ச், மறு கிளையில் ஹோஸ். விளக்கு மறுபடி உயிர் பெற்றது. ஹோஸ் கிளம்பும் இடத்தில் 1 மி.மீ. துளை மட்டும் உள்ள அடைப்பு ஒன்றும் போட்டோம். நாளைக்கு ஹோஸே வெடித்தாலும் ஆயில் பீய்ச்சாது, கசியும். ஓரம் கட்ட நேரம் கிடைக்கும். முள்ளின் நடுக்கமும் அதோடு நின்றது.

எதை வாங்கினாலும் மரையை மட்டும் பார்த்து வாங்குங்கள். 1/8 அங்குல அளவில் அமெரிக்க என்.பி.டி. மரைக்கு அங்குலத்துக்கு 27 புரி, பிரிட்டிஷ் பி.எஸ்.பி. மரைக்கு 28. கையில் வைத்துப் பார்த்தால் ஒன்று போலவே இருக்கும், முதல் இரண்டு சுற்று ஏறவும் ஏறும். அப்புறம் இறுகும். அங்கே பலத்தைக் காட்டினால் போவது இன்ஜின் பிளாக்கின் மரை.

டிஜிட்டல் மீட்டர் பற்றி அதிகம் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. அக்கா மகனின் புரோட்டான் சத்ரியா காரில் இருக்கிறது. பிரஷர் விழுந்தால் கத்தும், நாள் முழுக்க எவ்வளவு ஏறியது என்று நினைவும் வைத்திருக்கும். டிராக்கில் ஓட்டுபவர்களுக்கு அதுதான் சரி என்று நினைக்கிறேன். 70களின் டேஷ்போர்டில் வைத்தால் வேட்டிக்கு ஷூ போட்டது மாதிரி இருக்கும், அவ்வளவுதான். விற்கும்போது விலை கூடுமா என்று கேட்டால், டேஷ்போர்டில் புது ஓட்டை போடாதவரை குறையாது. நான் கீழே ஒரு பிராக்கெட்டில்தான் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஸ்டீல் ஹோஸுக்கு இது நான்காம் வருடம். உள்ளே இருப்பது ரப்பர்தானே, எவ்வளவு நாள் தாங்கும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அடுத்த வருடம் கசிந்தாலும் கசியாவிட்டாலும் மாற்றிவிடுவேன். போன ஞாயிறு பசியாறிவிட்டு கோம்பாக்கிலிருந்து பெந்தோங் போகும் பழைய சாலையில் ஏறினேன். மேட்டில் 48, திரும்பி வந்து செந்தூல் சிக்னலில் நிற்கும்போது 18. போன வருடம் இதே சிக்னலில் 22 காட்டியது. இந்த வாரம் ஆயில் மாற்றிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.