உடைந்த வாட்ச் கண்ணாடி: பஜாரா, மதுரையா, கம்பெனியா?

வளைகுடாவில் இருபது ஆண்டுகள் உழைத்த என் மூத்த காக்கா (கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்போம்) தனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே விலையுயர்ந்த பொருள் ஒரு சுவிஸ் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம். அது கிணற்றடிச் சிமெண்டுத் தரையில் விழுந்து கண்ணாடி நொறுங்கிய அன்று, வீட்டில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். பஜாரில் கொடுத்தால் மாலைக்குள் புதுக் கண்ணாடி போட்டுவிடலாம், மதுரையில் கைதேர்ந்த வாட்ச் மெக்கானிக்கிடம் கொடுக்கலாம், கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர வேறு யாரையும் தொடவிடக் கூடாது, அடுத்த வாரம் துபாய் போகும் மச்சானிடம் கொடுத்தனுப்பலாம் என நான்கு வழிகள் வந்தன. எந்தக் கடை என்று முடிவு செய்வதற்கு முன், உடைந்தது எந்த வகைக் கண்ணாடி, அதன் சில்லுகள் எதுவரை போயிருக்கின்றன என்று பார்த்துவிட வேண்டும் என்பது, அந்த நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

பழைய கடிகாரங்களில் இருப்பது அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக். நடுத்தர விலையில் மினரல் கண்ணாடி. இன்றைய ஆடம்பரக் கடிகாரங்களில் பெரும்பாலும் சஃபயர், அதாவது செயற்கையாக வளர்த்தெடுத்த, குருந்தம் என்னும் நிறமற்ற படிகம். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அக்ரிலிக் சுமார் 3, மினரல் கண்ணாடி 5 முதல் 6 வரை, சஃபயர் 9. நம் கரைக்கு இதில் தனிப் பொருள் உண்டு. மணலில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகளின் கடினம் 7. சோழகக் காற்றில் பறந்து வந்து கண்ணாடியில் படியும் அந்தத் துகளைச் சட்டைக் கையால் ஒருமுறை துடைத்தாலே மினரல் கண்ணாடியில் கீறல் விழும், சஃபயரில் விழாது. ஆகவே சஃபயர் இருந்த இடத்தில் மலிவான மினரலைப் பொருத்துவது, மணலும் உப்பும் இல்லாத ஊரில் ஒருவேளை பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருக்கலாம். மண்டபத்திலோ தனுஷ்கோடியிலோ நடமாடுகிறவருக்கு அது வீண் செலவு.

ஆனால் அதே கடினம் உடையும்போது எதிரியாகிவிடுகிறது. அக்ரிலிக் பெரும்பாலும் விரிசல் விட்டு நிற்கும். 1969-இல் நிலவுக்குச் சென்ற ஓமேகா ஸ்பீட்மாஸ்டரில் இருந்ததும் அக்ரிலிக்தான். சஃபயரோ ஊசி ஊசியான சில்லுகளாகவும் பொடியாகவும் சிதறும். அந்தப் பொடி இரும்பை விடக் கடினமானது. அது டயலைக் கீறுவதோடு நில்லாமல், முட்களின் நடுத்துளை வழியாகவும் தேதிச் சன்னல் வழியாகவும் இயந்திரத்துக்குள் இறங்கினால், சுழலும் அச்சுகளையே தேய்த்துவிடும். எனவே சஃபயர் நொறுங்கிய கடிகாரத்தில் கண்ணாடியை மட்டும் மாற்றுவது பாதி வேலைதான். பழுதுக்குக் கொடுக்கும்வரை சாவித் திருகை வெளியே இழுத்து ஓட்டத்தை நிறுத்திவிட்டு, கண்ணாடியின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டி, அசையாமல் வைத்திருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் என்பதால், திருகை இழுத்து வைக்காவிட்டால், கையில் கட்டியிருந்தாலும் ஆட்டினாலும் அது தானே சாவி ஏறி ஓடத் தொடங்கிவிடும்.

பஜார் வாட்ச் கடையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. எச்எம்டி கடிகாரங்களில் கை பழகிய தலைமுறை அது; அக்ரிலிக்கைக் கழற்றுவதும் மாட்டுவதும் அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. எங்கள் வாப்பாவின் பழைய ஓமேகாவின் கண்ணாடி மங்கியபோது பஜாரில்தான் கொடுத்தோம். கடைக்காரர் லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, நடுவுல கம்பெனி முத்திரை இருக்கு, இத மாத்தாதீங்க, பாலிஷ் போட்டுத் தர்றேன்" என்றார். அக்ரிலிக் கண்ணாடியின் மையத்தில் கடுகினும் சிறிதாகப் பொறித்திருக்கும் அந்த முத்திரை, வேறு கண்ணாடி போட்டிருந்தால் போயிருக்கும். சில நூறு ரூபாயில், ஒரே நாளில், மூலப்பொருளை இழக்காமல் வேலை முடிந்தது. ஆனால் காக்காவின் கடிகாரத்துக்கு வேண்டியதோ நூலளவும் பிசகாத அளவுள்ள சஃபயர், அதைச் சுற்றிப் புது நைலான் வளையம், நேராக அழுத்திப் பொருத்தும் பிரஸ், நீர்க்காப்புச் சோதனைக் கருவி. இவை இல்லாத மேசையில் பசையை நம்பித்தான் கண்ணாடி நிற்கும்.

அந்தக் கருவிகள் இருந்தால் மதுரையோ சென்னையோ, தனி மெக்கானிக் நல்ல தேர்வு. இருக்கின்றனவா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். நீர்க்காப்பைச் சோதிக்கும் ஒரு முறையில், கடிகாரத்தைக் காற்றறையில் வைத்து அழுத்தம் கொடுத்து, கூடு எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்பார்கள். இன்னொன்றில், அழுத்தத்துக்குப் பின் நீரில் இறக்கி அழுத்தத்தைக் குறைக்கும்போது குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். உப்புக் காற்று ஓயாத கரையில் இந்தச் சோதனை செய்யாமல் கடிகாரத்தைத் திரும்ப வாங்கவே கூடாது என்பேன். இந்த வழியில் உள்ள குறை உதிரிபாகம். ரோலெக்ஸ் போன்ற நிறுவனங்கள் அசல் பாகங்களை வெளியாருக்குத் தாராளமாக விற்பதில்லை. மாற்றுச் சஃபயர்தான் கிடைக்கும். ரோலெக்ஸின் தேதி லென்ஸ் எழுத்தைச் சுமார் 2.5 மடங்கு பெரிதாக்கும்; மாற்றுக் கண்ணாடி பலவற்றில் தேதி சிறுத்துத் தெரியும். உள்பக்கம் ஒளி எதிரொளிக்காமல் பூசும் பூச்சிலும் வித்தியாசம் இருக்கும். பின்னாளில் விற்க நினைப்பவருக்கு இது விலையிலும் தெரியும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் கண்ணாடியோடு விடமாட்டார்கள். முழு சர்வீஸ் செய்யச் சொல்வார்கள். செலவு பல்லாயிரத்துக்கு ஏறும், வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ காத்திருக்க வேண்டும். அசல் கண்ணாடியும் புது வளையங்களும் போட்டு, அழுத்தச் சோதனையும் செய்து, ரோலெக்ஸ், ஓமேகா போன்றவை 2 ஆண்டு உத்தரவாதமும் தருகின்றன. சில்லு உள்ளே இறங்கிய கடிகாரத்துக்கு அந்த முழு சர்வீஸ் எப்படியும் தேவை என்பதால், அதை வீண் சுமை என்று நான் கருதவில்லை. பழைய கடிகாரமானால் மட்டும் எச்சரிக்கை வேண்டும். நிறம் மாறிய டயலையும் முட்களையும் புதிதாக மாற்றிவிட்டால் அதன் மதிப்பே போய்விடும். எதை மாற்றக் கூடாது என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

துபாய் வழியால் தொழில்நுட்ப லாபம் எதுவும் இல்லை. புறப்படும்போது விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்காமல் போனால், திரும்பி வரும்போது அது பழைய பொருள்தான் என்று மச்சான் மன்றாட வேண்டியிருக்கும்.

காக்காவின் கடிகாரத்தை லென்ஸில் பார்த்தபோது நிமிட முள்ளுக்கடியில் பொடி மின்னியது. தேதிச் சன்னலின் ஓரத்திலும் இருந்தது. அதனால் கம்பெனிக்கே அனுப்பினோம். கூட்டைப் பாலிஷ் செய்ய வேண்டாம் என்று காக்கா தம் கைப்பட எழுதிக் கொடுத்தார். திரும்பி வந்த பெட்டியைத் திறந்ததும் அவர் புதுக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் திருப்பி, ஷார்ஜா கிடங்கின் இரும்புக் கதவில் உரசிய பழைய கீறல் அப்படியே இருக்கிறதா என்றுதான் தேடினார்.