யீலிங்க் டபிள்யூ73பி: நல்ல போன்தான், ஆனால் பேஸை எங்கே வைக்கிறீர்கள்?

வயரில்லா ஆபீஸ் போன் கேட்டால் கடைக்காரர் இரண்டு விதமான பெட்டிகளைக் காட்டுவார். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஒன்றில் பழைய லேண்ட்லைன் வயரை மாட்டலாம். மற்றதில் லேன் வயரைத்தான் மாட்ட முடியும். யீலிங்க் டபிள்யூ73பி இரண்டாவது விதம். இதன் பேஸில், அதாவது ஹேண்ட்செட்டுக்கு அலை அனுப்பும் பெட்டியில், லேண்ட்லைன் வயருக்கான ஆர்ஜே11 துளையே கிடையாது. ஃபைபர் இணைப்போடு வந்த தொலைபேசி எண், மோடத்தின் பின்புறத்துச் சின்னத் துளையில் சாதாரண போனை மாட்டிப் பேசுவதற்காக வந்தது. அதை நேரடியாக இதில் இணைக்க முடியாது. அலுவலகத்தில் பழைய அனலாக் இன்டர்காம் இருந்தாலும் இதே கதைதான். இணைத்தே ஆக வேண்டும் என்றால் நடுவில் ஒரு ஐபி பிபிஎக்ஸும் (நெட்வொர்க் வழியே இயங்கும் அலுவலகத் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச்), கிராண்ட்ஸ்ட்ரீம் ஹெச்டி813 போல வெளி லைனை வாங்கிக்கொள்ளும் ஒரு கேட்வேயும் வேண்டும். ஒரே ஒரு லேண்ட்லைன், ஒரே ஒரு மேஜை என்றால் அந்தச் செலவு வீண். சாதாரண அனலாக் கார்ட்லெஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐபி பிபிஎக்ஸோ, கிளவுட் தொலைபேசிச் சேவையோ ஏற்கெனவே இருக்கிறது, ஆட்கள் மேஜையில் உட்காராமல் நடந்துகொண்டே இருக்கும் இடம் என்றால் இந்த போன் நன்றாகப் பொருந்தும். கிளினிக், கிடங்கு, ஒர்க்‌ஷாப், சிறிய ஹோட்டலின் வரவேற்பு மேஜை எல்லாம் இதில் சேரும்.

டபிள்யூ73பி என்பது டபிள்யூ70பி பேஸும் டபிள்யூ73ஹெச் ஹேண்ட்செட்டும் சேர்ந்த செட்டின் பெயர். ஒரு பேஸில் 10 ஹேண்ட்செட் வரை சேர்க்கலாம், 10 எஸ்ஐபி கணக்குகள் (இணையவழித் தொலைபேசிக் கணக்குகள்) வரை போடலாம். முதலில் ஒரு செட் வாங்கிவிட்டு, பிறகு தேவைக்கேற்ப ஹேண்ட்செட்டை மட்டும் தனியாக வாங்கிச் சேர்ப்பதே சிக்கனம். வாங்கும்போது பேஸும் ஹேண்ட்செட்டும் ஒரே நாட்டுக்கான மாடலா என்று பாருங்கள். பேஸையும் ஹேண்ட்செட்டையும் இணைக்கும் டெக்ட் என்ற வயரில்லாத் தொழில்நுட்பம் ஐரோப்பாவில் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், அமெரிக்காவில் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் இயங்குகிறது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஹேண்ட்செட் ஐரோப்பிய பேஸோடு எத்தனை முறை முயன்றாலும் சேராது. அது பழுதில்லை, அலைவரிசையே வேறு.

மாட்டும் வேலை எளிது. உங்கள் நெட்வொர்க் ஸ்விட்ச் 802.3ஏஎஃப் பிஓஇ கொடுத்தால் ஒரே லேன் வயரில் பேஸுக்கு மின்சாரமும் நெட்வொர்க்கும் வந்துவிடும், அடாப்டர் தேவையில்லை. பேஸை நல்ல இடத்தில் வைக்க இதைவிட வசதி வேறில்லை. பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்று தேடாமல், சிக்னலுக்கு எந்த இடம் நல்லதோ அங்கேயே மாட்டலாம். ஹேண்ட்செட்டின் பின்மூடியைத் திறந்து பேட்டரியைப் போட்டு, தொட்டிலில் வைத்து முழுவதும் சார்ஜ் ஏறவிடுங்கள். தொட்டிலின் வயர் பேஸுக்குப் போகாது, அதற்குத் தனி அடாப்டர். அதனால் தொட்டில் மேஜையிலும் பேஸ் சுவரிலும் இருக்கலாம்.

அடுத்தது ஹேண்ட்செட்டை பேஸோடு சேர்ப்பது. பேஸின் முன்புறப் பொத்தானை, விளக்கு மினுக்கத் தொடங்கும் வரை அழுத்திப் பிடித்துவிட்டு விடுங்கள். ஹேண்ட்செட்டில் ஓகே அழுத்தி, செட்டிங்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், ரெஜிஸ்டர் ஹேண்ட்செட் என்று போனால் பேஸைத் தேடிக் காட்டும். பின் (PIN) எண் கேட்டால் 0000. புது ஹேண்ட்செட் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் திரையே சொல்லும்.

அந்த ஒரே பொத்தானுக்கு மூன்று வேலை இருப்பதைக் கவனியுங்கள். ஒரு தட்டு தட்டினால் சேர்ந்திருக்கும் எல்லா ஹேண்ட்செட்டும் மணியடிக்கும். எங்கோ ஃபைல் கட்டுக்கடியில் வைத்துவிட்டுப் போன போனைத் தேட இது போதும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் புது ஹேண்ட்செட்டுக்குக் கதவு திறக்கும். 20 விநாடி போல விடாமல் பிடித்தால் பேஸ் முழுவதும் அழிந்து ஃபேக்டரி நிலைக்குப் போய்விடும். கணக்கு, கடவுச்சொல் எல்லாம் போய்விடும். ‘சேரவில்லையே’ என்று எரிச்சலில் விரலை எடுக்காமல் அழுத்துகிறவர்கள் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற போன்களையும் சேர்த்து அணைத்துவிடுகிறார்கள். பேஸை எட்டாத உயரத்தில் மாட்டச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீதி வேலை கணினியில். ஹேண்ட்செட்டில் ஓகே, ஸ்டேட்டஸ், பேஸ் என்று போய் ஐபி முகவரியைப் பார்த்து, அதை பிரவுசரில் அடியுங்கள். உள்ளே போனதும் முதல் வேலை அட்மின் கடவுச்சொல்லை மாற்றுவது. எஸ்ஐபி கணக்கு யாராவது கைக்குப் போனால் வெளிநாட்டு அழைப்புக் கட்டணம் உங்கள் தலையில் விழும். அடுத்து நேரம்: சீனத் தயாரிப்பு என்பதால் ஆரம்பத்தில் +8 மணியில் இருக்கும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் +5:30 வையுங்கள். இல்லாவிட்டால் தவறிய அழைப்புகளின் பட்டியலில் நேரம் எல்லாம் இரண்டரை மணி முன்னால் ஓடும். பிறகு அக்கவுன்ட் பக்கத்தில் சேவை நிறுவனம் கொடுத்த பயனர் பெயர், ரெஜிஸ்டர் பெயர், கடவுச்சொல், சர்வர் முகவரி, போர்ட் எண். பயனர் பெயரும் ரெஜிஸ்டர் பெயரும் சில சேவைகளில் ஒன்றாக இருக்கும், சிலவற்றில் வேறாக இருக்கும். ‘ரெஜிஸ்டர் ஆகவில்லை’ என்று வந்தால் முதலில் அந்த இரண்டு கட்டங்களையும் பாருங்கள்.

நம்பர் அசைன்மென்ட் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. இயல்பு நிலையில் முதல் ஹேண்ட்செட்டுக்கு முதல் கணக்கு, இரண்டாவதற்கு இரண்டாவது கணக்கு என்று வரிசையாக ஒதுக்கப்பட்டிருக்கும். நீங்கள் ஒரே ஒரு கணக்கு போட்டுவிட்டு மூன்று ஹேண்ட்செட் சேர்த்தால், முதலாவது மட்டும்தான் அடிக்கும். மற்ற இரண்டும் பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். அந்தப் பக்கத்தில் உள்வரும் அழைப்புக்கு மூன்றுக்கும் முதல் கணக்கை டிக் செய்யுங்கள். வெளியே போகும் அழைப்புக்கும் எந்தக் கணக்கு என்பதைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி பேஸின் இடம். கம்பெனி சொல்லும் தூரம் கட்டடத்துக்குள் 50 மீட்டர், வெட்டவெளியில் 300 மீட்டர். வெட்டவெளிக் கணக்கை மறந்துவிடுங்கள். கான்கிரீட் தூணும் சுவருமாக இருக்கும் கட்டடத்தில் 50 மீட்டரும் கிடைக்காது. சர்வர் ராக் இரும்புப் பெட்டிக்குள் பேஸை வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். நெட்வொர்க் ஆட்களுக்கு அங்கே வைப்பது சுலபம், வயர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் இரும்பு, அலையை வெளியே விடாது. பீரோ வரிசைக்குப் பின்னால், லிஃப்ட் சுவரை ஒட்டி, பெரிய கண்ணாடிக்குப் பின்னால், மேஜைக்கடியில் எதுவும் வேண்டாம். ஆட்கள் நடமாடும் பகுதியின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில், சுவரில் திறந்தபடி இருக்கட்டும். வைஃபை ரவுட்டர் வேறு அலைவரிசையில் ஓடுவதால் நேரடியாக மோதாது. இருந்தாலும் ஒட்டி வைக்காமல் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

ஆணி அடிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். நீளமான லேன் வயரில் பேஸைத் தற்காலிகமாக வைத்து, இரண்டு ஹேண்ட்செட்டுக்கிடையே இன்டர்காம் போட்டு, ஒருவர் பேசிக்கொண்டே கழிவறை, மாடிப்படி, கிடங்கின் கடைசி மூலை வரை நடக்கட்டும். இன்டர்காம் அழைப்பு பேஸைத் தாண்டி வெளியே போகாது, இணையத்தைத் தொடாது. அதனால் குரல் விட்டால் அது அலையின் குறை மட்டுமே.

பின்னாளில் புகார் வரும்போதும் இதே சோதனைதான் கைகொடுக்கும். குரல் விட்டு விட்டு வருகிறதா? முதலில் இன்டர்காமில் பேசிப் பாருங்கள். அங்கேயும் விட்டால் பேஸின் இடமோ தூரமோ காரணம். இன்டர்காம் தெளிவாக இருந்து வெளி அழைப்பு மட்டும் விட்டால் போனைக் குறை சொல்லாமல் இணையத்தைப் பாருங்கள். ஜி.711 கோடெக்கில் (கோடெக் என்பது குரலைத் தரவாக மாற்றும் முறை) ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் விநாடிக்குச் சுமார் 87 கிலோபிட் வேண்டும், ஜி.729 என்றால் சுமார் 31. அளவு சிறியதுதான். யாராவது பெரிய கோப்பை அப்லோடு செய்யும்போது அந்தச் சிறிய அளவும் வரிசையில் காத்திருக்க நேர்வதால்தான் குரல் உடைகிறது. ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தால் சரியாகிவிடும்.

நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கவில்லை என்றால் ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற அமைப்பு ஆன் ஆகி இருக்கிறதா என்று தேடி அணையுங்கள். அழைப்பை ஏற்படுத்தும் செய்தி ஒரு வழியில் போகும், குரல் வேறு போர்ட்டில் போகும். ஏஎல்ஜி நடுவில் புகுந்து முகவரியை மாற்றி எழுதுவதால் குரல் தவறான வாசலுக்குப் போய்விடுகிறது. சில நிமிடம் சும்மா இருந்த பிறகு உள்வரும் அழைப்பு மட்டும் வருவதில்லை, ஆனால் வெளியே அழைக்க முடிகிறது என்றால், ரவுட்டர் அந்த வாசலை மூடிவிட்டது என்று பொருள். அக்கவுன்டின் அட்வான்ஸ்ட் பக்கத்தில் கீப் அலைவ் (வாசல் மூடாமல் இருக்க அவ்வப்போது தட்டும் அமைப்பு) 30 விநாடியில் இயங்குகிறதா பாருங்கள். வங்கிக்கு அழைத்து ‘1ஐ அழுத்தவும்’ என்றால் அழுத்துவது போய்ச் சேரவில்லை என்றால், அதே பக்கத்தில் டிடிஎம்எஃப் (அழுத்திய எண்ணை எதிர்முனைக்கு அனுப்பும் முறை) வகையை ஆர்எஃப்சி2833க்கு மாற்றுங்கள்.

அன்றாடப் பயன்பாட்டில் இந்த ஹேண்ட்செட் எனக்குப் பிடிக்கிறது. 1.8 அங்குலக் கலர் திரை சிறியதுதான். பெயரும் எண்ணும் பார்க்கப் போதும். பொத்தான்கள் கையுறை இல்லாத விரலுக்கு நன்றாக அழுந்துகின்றன. எதிர்முனையும் துணைநின்றால் எச்டி குரல் நன்றாகவே கேட்கிறது. அழைப்பை இன்னொருவருக்கு மாற்றத் தனிப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி, எண்ணை அடித்து, அப்படியே மாற்றிவிடலாம். அல்லது அழைப்புப் பொத்தானைத் தட்டி, ‘சார், உங்களுக்கு போன், எடுக்கிறீர்களா?’ என்று கேட்டுவிட்டுப் பிறகு மாற்றலாம். வாடிக்கையாளர்களோடு பேசும் இடத்தில் இரண்டாவது முறையைப் பழக்கப்படுத்துங்கள்; முதல் முறையில் எடுக்க ஆளில்லாத மேஜையில் அழைப்பு அடித்துக்கொண்டே கிடக்கும். நட்சத்திரப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் மணி ஓசை நிற்கும், ஹேஷைப் பிடித்தால் விசை பூட்டும். ‘போன் அடிக்கவே இல்லை’ என்ற புகாரில் பாதி, சட்டைப் பையில் நட்சத்திரம் அழுந்திய கதை. திரையின் மேல் ஓரத்தில் மணிக் குறியைப் பாருங்கள்.

பேட்டரிக்குக் கம்பெனி சொல்வது 35 மணி நேரப் பேச்சு, 400 மணி நேரக் காத்திருப்பு. பேஸிலிருந்து தூரமாக, சிக்னல் குறைவான இடத்தில் இருந்தால் இது குறையும். ஆனாலும் ஒரு வேலை நாளுக்குக் கவலையே வேண்டாம். சார்ஜ் இறங்கிப்போனால் 10 நிமிடம் தொட்டிலில் வைத்தாலே 2 மணி நேரம் பேசலாம் என்கிறார்கள். லித்தியம் பேட்டரி என்பதால் முழுவதும் தீர்த்துவிட்டு ஏற்றும் பழைய பழக்கம் தேவையில்லை. தொட்டிலில் வைக்கும்போது திரையில் சார்ஜ் குறி ஓடுகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். சமையலறை, ஒர்க்‌ஷாப் போன்ற இடங்களில் தொடுமுனையில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, வைத்தும் ஏறாமல் போகும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

மின்தடையை மறந்துவிடாதீர்கள். பேஸுக்கு மட்டும் யுபிஎஸ் போட்டால் பயனில்லை. பிஓஇ ஸ்விட்ச், ரவுட்டர், ஃபைபர் மோடம், அலுவலகத்திலேயே பிபிஎக்ஸ் இருந்தால் அதுவும், எல்லாம் அதே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ஒன்று அணைந்தாலும் வெளி அழைப்பு நின்றுவிடும்.

குறை என்றால், ஹேண்ட்செட்டில் புளூடூத் இல்லை. 3.5 மில்லிமீட்டர் ஹெட்செட் துளை இருக்கிறது, வயர் ஹெட்செட் போதும் என்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. புளூடூத் வேண்டும் என்றால் இதே பேஸில் சேரும் டபிள்யூ78ஹெச் வாங்குங்கள். தண்ணீரும் தூசியும் படும் இடத்துக்கு டபிள்யூ59ஆர் சரி; டபிள்யூ73ஹெச்சை அங்கே கொடுத்தால் நாளாவட்டத்தில் கெட்டுவிடும். ஒரு பேஸ் எட்டாத பெரிய இடத்தில், அலையை வாங்கி மேலும் தூரம் அனுப்பும் ஆர்டி30 ரிப்பீட்டர் சேர்க்கலாம். அதைச் சேர்க்கும் முன் பேஸில் ரிப்பீட்டர் மோடை ஆன் செய்ய வேண்டும். பல மாடிக் கட்டடம் முழுக்கப் பேசிக்கொண்டே நடக்க வேண்டும் என்றால் இரண்டு டபிள்யூ70பி வாங்கி வைப்பதில் பலனில்லை. அழைப்பு ஒரு பேஸிலிருந்து மற்றதற்குத் தாவாது, நடுவில் அறுந்துவிடும். அதற்கென்றே வருவது பல பேஸ்கள் சேர்ந்து இயங்கும் டபிள்யூ90 அமைப்பு.